நன்றி மாநாடு

உருக்காலைக்கு நன்றி சொல்லி ஒரு மாநாடு நடத்தினால் என்ன என்று முதலில் கேட்டவன் இஞ்ஞாசி. தலையணைகளை அடுக்கிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மூக்கில் ஆக்சிஜன் குழாய். ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்ததால், அந்த யோசனை அறைக்குள் தவணை முறையில்தான் வந்து சேர்ந்தது. கடைசித் தவணை வந்ததும் அவன் மனைவி ஜெசிந்தா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று செண்பகவல்லி நினைத்துக்கொண்டாள்.

செண்பகமும் ஜெசிந்தாவும் பூவரசன்துறைப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். செண்பகத்துக்குப் பிழைப்பு மைக். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் கொடை, காணாமல் போன ஆடு என்று எதுவானாலும் ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போவாள். எந்தக் குரலும் அவள் தொண்டையில் வந்து உட்காரும். மந்திரி கரகரப்பது, கலெக்டர் மென்று விழுங்குவது, கல்யாண வீட்டில் சம்பந்தி குழைவது எல்லாம் அச்சு அசலாக வரும். அன்று அறையில் இருந்த நான்காவது ஆள் வக்கீல் அறவாழி. கல்லூரிக் காலத்திலிருந்து இவர்களுக்குச் சிநேகிதன். உருக்காலைக்கு எதிரான வழக்கிலேயே அவன் தலை நரைத்துப் போயிருந்தது.

நாட்டில் எல்லா வண்டியும் பேட்டரியில் ஓடத் தொடங்கிய பிறகு, செத்த பேட்டரிகளை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று கேள்வி வந்தது. பூவரசன்துறையில் கடல் இருந்தது, கப்பல் வந்து நிற்க ஆழம் இருந்தது, கேட்க ஆள் இல்லை. உருக்காலை அங்கே வந்தது. இஞ்ஞாசி அதில் உலைக்குப் பேட்டரி தள்ளும் வேலை பார்த்தான். இப்போது இரண்டாவது உருக்காலை, முதலாவதைப் போல் இரு மடங்கு, வரப்போகிறது என்று பேச்சு. அதன் மதில் ஜெசிந்தாவின் தெருவைத் தொட்டுக்கொண்டு போகும் என்று வரைபடம் சொன்னது.

"கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்கச் சொல்லி மனுப் போடலாம்லா" என்று ஜெசிந்தாதான் பேச்சைத் தொடங்கியிருந்தாள்.

"அதான் இப்பக் கிடையாதே" என்றான் அறவாழி. "அந்தச் செவி மெசினு வந்த பொறவு தனியாக் கூட்டம் எதுக்குன்னு எடுத்துட்டாங்க. ஊர்ல மைக்கு வச்சுப் பேசுத இடத்துலல்லாம் அது கேக்குது. என்ன சொன்னாங்க, அத மனசாரச் சொன்னாங்களான்னு ரெண்டையும் குறிச்சுக்கிடும். குரல்ல இருக்குத உணர்ச்சி நெசம்னா பச்ச, நடிப்புன்னா செவப்பு. திட்டத்துக்கு அனுமதி கொடுக்கும்போது அந்தக் கணக்கத்தான் எடுத்துப் பாப்பாங்க."

"நீ கேட்டு வாங்கினதுதான" என்றாள் செண்பகம்.

அவன் மறுக்கவில்லை. பழைய கருத்துக் கேட்புக் கூட்டங்களை அவர்கள் நால்வரும் பார்த்திருக்கிறார்கள். கம்பெனி லாரி லாரியாக ஆள் இறக்கும். பிரியாணிப் பொட்டலத்துக்காக வந்தவர்கள், எந்த ஊரில் நிற்கிறோம் என்றுகூடத் தெரியாமல் கை தட்டிவிட்டுப் போவார்கள். எதிர்த்துப் பேசியவர்கள் தொண்டை கிழியக் கத்தியதை, 'சிலர் சில விளக்கங்களைக் கோரினர்' என்று அதிகாரி எழுதிக்கொள்வார். அறவாழி இரண்டு விஷயங்களுக்காக நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கினான். கூலிக்கு வந்தவன் பேச்சைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஜனங்கள் சொன்ன சொல்லுக்கு அதிகாரி தன்னிஷ்டப்படி அர்த்தம் சொல்லக் கூடாது. இரண்டும் கிடைத்தன. தெருவிளக்குக் கம்பங்களில் சோப்புப் பெட்டி அளவுக்குச் சாம்பல் நிறத்தில் செவிகள் வந்து உட்கார்ந்தன. தீர்ப்பு வந்த அன்று இதே வீட்டில் லட்டு கொடுத்தார்கள்.

"அப்ப நம்ம ஆர்ப்பாட்டம்லாம் அதுல ஏறியிருக்குமே" என்றாள் ஜெசிந்தா.

"ஏறுச்சு" என்றான் அறவாழி. "தள்ளுபடியும் ஆயிருச்சு. சலிப்புன்னு போட்டிருக்கு."

"சலிப்பா?"

"இத்தன வருசமா ஒரே கோஷத்தப் போட்டுப் போட்டு நம்ம குரல்ல உசுரே இல்ல, ஜெசிந்தா. கூலிக்கு வந்தவன் குரலும் நம்ம குரலும் அதுக்கு ஒண்ணு போலக் கேக்குதாம்."

அப்போதுதான் இஞ்ஞாசி சொன்னான். "அப்பம்னா... நன்றி சொல்லுவோம். பெரிசா... மாநாடு போட்டு."

சிரித்து முடித்த பிறகும் அந்த யோசனை அறையை விட்டுப் போகவில்லை. ஆர்ப்பாட்டத்துக்குப் போலீஸ் அனுமதி தராது, பாராட்டு விழாவுக்குத் தராமல் எப்படி இருக்கும் என்றான் அறவாழி. கூப்பிட்டால் ஜனங்கள் வருவார்கள், சிரிப்பதற்கு வருவார்கள் என்றாள் ஜெசிந்தா. செண்பகத்துக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது.

"நம்ம பாட்டுக்கு வாழ்க வாழ்கன்னு சொல்லப் போக, அது நெசம்னு எடுத்துக்கிட்டா?"

"கேலிய அது கண்டுபிடிச்சிரும். சோதனை ஓட்டத்துல நானே கூட இருந்து பாத்திருக்கேன். உங்க ஆச்சி பேசுத குத்தல் பேச்சக்கூட இனம் கண்டுக்கிடும்" என்றான் அறவாழி.

அது உண்மைதான். அவன் பொய் சொல்லவில்லை.

மாநாட்டை நடத்தியது 'அகில உலக உருக்காலை ரசிகர் மன்றம்'. அப்படி ஒரு மன்றம் போன மாதம் வரை கிடையாது. உப்பளத்தை ஒட்டிய பொட்டலில் பந்தல். செண்பகமும் ஜெசிந்தாவும் அறவாழியும் ஒரே ஆட்டோவில் போய் இறங்கியபோது, நுழைவாயிலில் புகைபோக்கிக்கு ஆளுயரம் போல் பத்து மடங்கில் கட்அவுட் நின்றது. அதற்குச் சாரம் கட்டி ஏறி நின்று நாலு பேர் பாலாபிஷேகம் செய்துகொண்டிருந்தார்கள். கீழே ஒருவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு, 'புகைபோக்கியாருக்கு' என்று கற்பூரம் காட்டினார். மன்றத்தில் இளைஞரணி இருந்தது, மகளிரணி இருந்தது, இருமலணியும் இருந்தது. இருமலணிக்கு மேடைக்கு முன்னால் தனி இடம். கை தட்ட வேண்டிய இடத்திலெல்லாம் அவர்கள் எழுந்து நின்று கோரஸாக இருமுவார்கள்.

அறவாழி எதிர்பார்த்தது ஆயிரம் இரண்டாயிரம் பேர். பக்கத்து ஊர்களிலிருந்து, டவுனிலிருந்து, கல்லூரிகளிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். பிரியாணிக்கு வந்தவர்கள் இல்லை. சொந்தச் செலவில், வீட்டிலிருந்து எழுதிக் கொண்டுவந்த அட்டைகளோடு வந்தார்கள். 'என் கிணற்றில் தண்ணீர் நிறம் மாறியது, எனக்கு ஓவியம் பிடிக்கும்' என்றது ஓர் அட்டை. 'மீன் வாங்கினால் ஈயம் இலவசம்' என்றது இன்னொன்று. வெயில் தாழும்போது கூட்டம் ஒரு லட்சத்தைத் தொட்டிருக்கும் என்றார்கள். பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரர்களே தொப்பியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்கள்.

ஜெசிந்தா முன்வரிசையில் உட்கார்ந்து செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். வீட்டில் இஞ்ஞாசி அதில் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் அவனுக்குத் துணை.

செண்பகம் மேடையேறினாள். ஆட்டோவுக்குள் உட்கார்ந்து, தெரு ஓடிப்போகும் வேகத்தில் பேசிப் பழகியவள். இத்தனை முகங்கள் அசையாமல் நின்று அவளையே பார்த்தது வாழ்க்கையில் முதல் தடவை. மைக்கைப் பிடித்ததும் அவளுக்குள் ஒரு மந்திரி வந்து உட்கார்ந்தார்.

"புகையால் ஒன்றுபட்ட பெருமக்களே. இந்தப் பரந்த நாட்டில் எங்கு போனாலும் மனிதன் வெறுங்காற்றைத்தான் சுவாசிக்கிறான். விலையில்லாத காற்று, மதிப்பில்லாத காற்று. ஆனால் பூவரசன்துறையில் ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். ஈயம் இருக்கிறது, நிக்கல் இருக்கிறது, கோபால்ட் இருக்கிறது. உலகத்திலேயே விலை உயர்ந்த நுரையீரல் யாருடையது?"

"எங்களுடையது" என்றது பொட்டல். இருமலணி எழுந்து இருமியது.

"புகைபோக்கியாருக்கு 'நுரையீரல் கொண்டான்' என்ற பட்டத்தை இம்மாநாடு வழங்குகிறது. அவர் ஒருவராகவே நின்று நமக்காக மூச்சு விடுகிறார். துணை வேண்டாமா அவருக்கு? இரண்டாவது உருக்காலை வேண்டுமா, வேண்டாமா?"

"வேண்டும்."

"என் வீட்டை இடித்துக் கட்டட்டும்."

"என் வீட்டையும்" என்று ஜெசிந்தா எழுந்து நின்று கத்தினாள். அவளைப் பார்த்து அந்த வரிசையே எழுந்தது. அடுத்த வரிசை எழுந்தது. என் வீட்டையும், என் வீட்டையும் என்று குரல் பந்தலின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

"மூன்றாவது?"

"வேண்டும்."

"நாலாவது ஒன்றைப் படுக்கையறைக்குள் வைத்துத் தரட்டுமா?"

"வேண்டும்" என்று சொல்லிவிட்டு ஒரு லட்சம் பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பைச் செண்பகம் உடம்பால் உணர்ந்தாள். உள்ளங்கால் வழியாக ஏறிவந்தது. எத்தனையோ வருடமாக இந்த ஊர்க்காரர்கள் குனிந்து இருமிக்கொண்டு, மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டு, ஒருவரையொருவர் பார்த்தால் நோயை மட்டுமே விசாரித்துக்கொண்டு இருந்தவர்கள். இன்று தலையை நிமிர்த்திப் பல் தெரியச் சிரித்தார்கள். ஜெசிந்தா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனைக் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு மேடையைப் பார்த்து, அவர் கட்டிலில் கிடந்து சிரிக்கிறார் என்று சைகை காட்டினாள். என்ன ஆனாலும் ஆகட்டும், இதைவிட எனக்கு என்ன வேண்டும் என்று செண்பகத்துக்கு அந்த நேரத்தில் தோன்றியது. பந்தலைச் சுற்றியிருந்த கம்பங்களில் செவிகள் பச்சையாக மினுங்கின.

ஆணை வந்த அன்று அவள் பஜாரில் ஜவுளிக்கடை விளம்பரம் சொல்லிக்கொண்டிருந்தாள். அறவாழி போனில் அழைத்தான். "அனுப்பியிருக்கேன், நீயே படி" என்றான். அவள் ஆட்டோவை ஓரங்கட்டச் சொல்லிப் படித்தாள்.

'பூவரசன்துறை மக்கள் இரண்டாம் உருக்காலையை மனமார வரவேற்றுள்ளனர். தங்கள் வீடுகளைத் தரவும் முன்வந்துள்ளனர். செவி நிறுவப்பட்ட பின் இம்மாநிலத்தில் இத்துணை உண்மையான மகிழ்ச்சியுடன் பதிவான ஒப்புதல் வேறில்லை.'

மேல்முறையீட்டுக்கு ஒரு வழி இருந்தது. அதை அறவாழிதான் கண்டுபிடித்தான். மாவட்ட அலுவலகத்து மரத்தடியில் நின்று சொன்னான்.

"காசு வாங்கிட்டுத்தான் பேசுனேன்னு சொல்லிரு. கொடுத்தது நான்னு சொல்லு. கூலிப் பேச்சுன்னு ஆயிட்டா அதுக்குக் கூட்டம் சொன்ன பதிலும் சேந்து தள்ளுபடி ஆயிரும்."

"ஒன்னத் தூக்கி உள்ள வச்சிருவாங்களே."

"வைக்கட்டும். காசு கொடுத்துப் பேச வச்சா ஜெயில்ங்கிற சட்டத்தையும் நான்தான கேட்டு வாங்கினேன்."

செண்பகம் ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தா வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. மதில் கட்ட அளந்து ஊன்றிய கற்கள் அவள் வீட்டு வாசற்படிக்கு எதிரே நின்றன.

விசாரணை அலுவலரின் பெயர் மிருணாளினி. சின்ன வயது. எழுந்து நின்று வரவேற்றார், நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

"உங்க பேச்ச நான் திரும்பத் திரும்பப் பாத்தேன்" என்றார் செண்பகத்திடம். "எங்க அம்மாவுக்கும் போட்டுக் காமிச்சேன். அந்தப் படுக்கையறை இடம் வந்ததும் அவங்களுக்குப் புரையேறிப் போச்சு."

"அப்ப அது கேலின்னு ஒங்களுக்குத் தெரியும்" என்றான் அறவாழி.

"தெரியும் சார். எனக்கு மட்டும் இல்ல, செவிக்கும் தெரியும்." அவர் மேசைமேலிருந்த திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். 'கேலி: மிக உறுதி' என்று ஒரு கட்டத்துக்குள் எழுதியிருந்தது. அந்தக் கட்டத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. "இந்தக் கட்டத்த நாங்க படிக்கக் கூடாது. நான் இப்ப உங்களுக்குக் காமிக்கிறதே தப்பு."

"ஏன் படிக்கக் கூடாது?" என்றாள் செண்பகம்.

"ஜனங்க சொன்ன சொல்லுக்கு அதிகாரி அர்த்தம் சொல்லக் கூடாதுன்னு தீர்ப்பு இருக்கு. வேண்டும்னு சொன்னா வேண்டும்தான். இல்ல, அவங்க மனசுல வேற இருந்துச்சுன்னு நான் எழுதினா, பழைய அதிகாரிங்க செஞ்சதத்தான் நானும் செய்யறேன்." அவர் அறவாழியைப் பார்க்காமல் சொன்னார். "கேலிங்கிறது அர்த்தம் சார். மகிழ்ச்சிங்கிறது பதிவு. உங்க வழக்குல நீங்க வாதாடினதே அதுதான். எங்களுக்குக் கல்லூரியில அத பாடமா வச்சிருந்தாங்க."

அறவாழி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

மேசைமேல் ஒரு செவி இருந்தது. செண்பகம் அதன் முன்னால் உட்கார்ந்தாள். கூலிக்கு வருகிறவர்களின் குரல் அவளுக்குத் தெரியும். கண்ணைச் சாய்த்துக்கொண்டு, வண்டி எப்போது கிளம்பும் என்ற நினைப்பில் பேசுகிற குரல். அதை எடுத்து வைத்துக்கொண்டு பேசினாள். "நான் காசு வாங்கிட்டுத்தான் பேசுனேன்."

செவி சிவப்பாக எரிந்தது.

"வேற மாதிரி சொல்லிப் பாருங்க. நான் அவசரப்படுத்த மாட்டேன்" என்றார் மிருணாளினி. நிஜமாகவே அவர் அவசரப்படுத்தவில்லை.

செண்பகம் பயந்த குரலில் சொன்னாள். அழுகிற குரலில் சொன்னாள். ஊரே ஏமாறும்படி எத்தனையோ பேராகப் பேசியிருக்கிறாள். இந்தச் சோப்புப் பெட்டி ஏமாறவில்லை.

"இன்னொரு வழி இருக்கு" என்றார் மிருணாளினி. தாழ்ந்த குரலில் சொன்னார், உதவி செய்கிற மாதிரி. "அன்னைக்கு மேடையில உங்களுக்கு மகிழ்ச்சியே இல்லன்னு சொல்லுங்க. மிரட்டலாலயோ வேதனையிலயோ பேசினதா எடுத்துக்க விதியில இடம் இருக்கு. ஒரு வாக்கியம் போதும்."

அது சுலபம் என்றுதான் செண்பகம் நினைத்தாள். இந்த மூன்று வாரமாக அந்த நாளை எண்ணி எண்ணி அவள் வெந்துகொண்டிருக்கிறாள். வாயைத் திறந்தாள். திறந்ததும் பொட்டல் கண்முன் வந்தது. எழுந்து நின்ற வரிசைகள், போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்த ஜெசிந்தா, உள்ளங்காலில் ஏறிய அந்த அதிர்வு. எவ்வளவு வெறுப்பை அதன்மேல் ஊற்றினாலும் அது அப்படியே இருந்தது.

"எனக்கு அன்னைக்குச் சந்தோசம் இல்ல" என்றாள்.

சிவப்பு.

"இல்ல. இல்லவே இல்ல."

சிவப்பு.

அறவாழி எழுந்து ஜன்னலோரம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். ஜெசிந்தா செண்பகத்தின் தோளில் கை வைத்தாள். "விடுட்டி. எதுக்குப் போட்டு மல்லுக்கட்டுத. எனக்கும்தான் அன்னைக்குச் சந்தோசமா இருந்துச்சு."

செவியை யாரும் அணைத்திருக்கவில்லை. அது பச்சையாக எரிந்தது. மிருணாளினி கையை நீட்டி அதை அணைத்தார். அணைப்பதற்குள் பதிவாகியிருந்தது.

பொதுக்கூட்டத்தில் பேசியது பொதுச்சொத்து என்று ஒரு விதி. கம்பெனி அதைப் பயன்படுத்திக்கொண்டது. வெள்ளை வேன் ஒன்று காலையும் மாலையும் தெருத்தெருவாக வந்தது. 'பூவரசன்துறை மக்களின் குரல்' என்று அதன் பக்கவாட்டில் எழுதியிருந்தது. உள்ளேயிருந்து செண்பகத்தின் பேச்சு கேட்டது. துணை வேண்டாமா அவருக்கு, என் வீட்டை இடித்துக் கட்டட்டும். சிரிப்பை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். இருமலையும் எடுத்துவிட்டார்கள். வெளியூர்க்காரன் கேட்டால் ஒரு சந்தேகமும் வராது.

உள்ளூரில் முதலில் அந்த வேன்மேல் கல் விழுந்தது. பிறகு கல் செண்பகத்தின் வீட்டு ஓட்டில் விழுந்தது. என் வீட்டையும் என்று அவளைவிடச் சத்தமாகக் கத்தியவர்கள், "அவ வாயால வந்த வினை" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். ஜவுளிக்கடைக்காரர் இனி வர வேண்டாம் என்றார். "ஒன் குரலக் கேட்டா ஜனங்க ஒண்ணு காறித் துப்புதாங்க, ஒண்ணு சிரிக்காங்க. எனக்கு ரெண்டுமே யாவாரத்துக்கு ஆகாது தாயி." அறவாழி மேல்கோர்ட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தான். தன் பழைய தீர்ப்பை எதிர்த்துத் தானே வாதாடும் மனு. எழுதுவான், அடிப்பான், திரும்ப எழுதுவான். பிறகு ஒருநாள் டவுனுக்கு வீடு மாற்றிப் போய்விட்டான். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

செண்பகம் இஞ்ஞாசியைப் பார்க்கப் போனாள். மதில் அதற்குள் ஜன்னல் உயரத்துக்கு எழும்பியிருந்தது. அறையில் பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். அவனுக்கு மூச்சு இன்னும் குறைந்திருந்தது. அவளைப் பார்த்ததும் பேச முயன்றான்.

"நல்ல விளையாட்டுதான்..." என்றான். நின்றான். "யாரு... யார வச்சு..." மீதியைச் சொல்லாமல் கையை அசைத்துவிட்டான். அதற்கப்புறம் அவன் அவளிடம் வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை.

ஜெசிந்தா வாசல் வரைக்கும் கூட வந்தாள். "ஒன் மேல எனக்கு ஒண்ணும் இல்லட்டி. அவரு ஆரம்பிச்சதுதான். ஆனா காலையில சாயந்தரம் ஒன் குரலு இந்த ஜன்னல் வழியா வருது. என் வீட்ட இடின்னு சொல்லுது. அவரு காதப் பொத்திக்கிடுதாரு. பொத்தக் கைய ஒசத்துனா மூச்சு முட்டுது."

"அது நான் இல்லல்லா, ஜெசிந்தா."

"தெரியும். எனக்குத் தெரியும்" என்றாள் ஜெசிந்தா. ஆனால் அவள் செண்பகத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மழைக்காலம் தொடங்குமுன் இஞ்ஞாசி செத்துப்போனான். மாநாட்டுக்கு யோசனை சொன்னவன் அவன் என்று எப்படியோ எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மாதா கோயில் கல்லறைத் தோட்டம் நிரம்பி, சாலை வரைக்கும் ஆள் நின்றது. அறவாழிகூட வந்து ஓரமாக நின்றான். ஒப்புதலுக்குக் குறித்த காலம் முடிந்துவிட்டிருந்ததால், சாலையோரக் கம்பங்களிலிருந்து செவிகளைக் கழற்றி வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். எதற்கும் பயப்படாமல் அழலாம். ஆனாலும் யாரும் வாய்விட்டு அழவில்லை. எல்லாரும் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார்கள். சத்தமாக எதையாவது உணர்வதையே ஊர் விட்டுவிட்டது போலிருந்தது.

செண்பகம் கூட்டத்தின் கடைசியில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். ஜெசிந்தாவின் தம்பி வந்து கூப்பிட்டான். குழிக்கரையில் ஜெசிந்தா வறண்ட கண்ணோடு உட்கார்ந்திருந்தாள்.

"அவருக்கு நீ பேசுதது பிடிக்கும். ரெண்டு வார்த்த பேசுட்டி" என்றாள்.

யாரோ ஒரு சின்ன மைக்கைக் கையில் கொடுத்தார்கள். எந்தக் குரலில் பேசுவது என்று செண்பகம் யோசித்தாள். மைக்கில் அவள் எப்போதும் வேறு யாராகவாவதுதான் பேசியிருக்கிறாள். இன்று யாரும் வேண்டாம் என்று முடிவு செய்தாள். தொண்டையில் வந்ததை அப்படியே விட்டாள்.

"இஞ்ஞாசி நல்ல மனுசன்" என்றாள். "இந்த ஊருல எல்லாருக்கும் மூச்சுக் குடுக்கணும்னு நெனச்சாரு. அவருக்கு நாம எல்லாரும்..."

பின்னால் எங்கோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டுச் சேலையால் வாயை மூடிக்கொண்டாள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. அவளை அறியாமல் வந்துவிட்டது. அதைக் கேட்டு இன்னொருவர் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார். அந்தக் குரல் கேட்டால் அடுத்து என்ன வரும் என்று அவர்களுக்குப் பழகிப் போயிருந்தது. முன்வரிசையில் நின்ற வயதான ஆள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"நான் வெளையாட்டுக்குச் சொல்லல" என்றாள் செண்பகம். "நெசமாத்தான் சொல்லுதேன். எனக்கு அவர் போனது..."

இப்போது சிரிப்பு பரவிவிட்டது. அடக்கப் பார்த்தார்கள், அடங்கவில்லை. அடக்கினவர்கள் முகத்தில் அவமானம் தெரிந்தது. அவமானத்தோடேயே சிரித்தார்கள். செண்பகத்தின் கண்ணிலிருந்து நீர் வழிந்து மைக்கில் சொட்டியது. அதைப் பார்த்து ஒரு பையன், "எப்படி நடிக்காங்க பாரு" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது அவளுக்குக் கேட்டது.

ஜெசிந்தா எழுந்து வந்து அவள் கையிலிருந்து மைக்கை மெல்ல வாங்கினாள்.

"போதும் செண்பகம்" என்றாள், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "நீ பேசாம இருந்தா அழுதுருவாங்க."

செண்பகம் சரி என்று தலையாட்டினாள். கூட்டம் விலகி வழி விட்டது. அவள் சாலை வரைக்கும் நடந்துபோய், எல்லாருக்கும் பின்னால், முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் முன்வரிசையிலிருந்து முதல் அழுகை கேட்டது. பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் அழுதார்கள்.